ஆறாம் இலக்கம்

செல்வநாயகியின் பெயரை மீனாம்பிகை முதன்முதல் கேட்டது எண்பத்தாறாம் ஆண்டு கார்த்திகையில், சண்டிலிப்பாய்ச் சங்கக்கடை வரிசையில். மகள் குணலட்சுமி ஐந்தாம் வகுப்பை முடிக்கப்போகிறாள். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அதற்கு மேல் வகுப்பு இல்லை. மானிப்பாய்ப் பக்கத்தில் சம்பளம் கட்டிப் படிக்கிற பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் அவளை எப்படியாவது சேர்த்துவிட வேண்டும் என்பதுதான் மீனாம்பிகைக்கு அப்போது ஒரே நினைவு.

“பெரிய ரீச்சரைக் கும்பிட்டுப் பிரயோசனமில்லை,” என்றாள் முன்னால் நின்ற பக்கத்து வீட்டு நல்லம்மா. “பேர் எழுதுற கொப்பி, கிளாக்கர் செல்வநாயகியின்ரை கையிலை. பிலாப்பழம் கொண்டு போனவை பழத்தோடை திரும்பி வந்தவை.”

“ஏன், அவ பழம் தின்னமாட்டாவோ?”

“தின்னுவா. தான் வாங்கினதைத் தின்னுவா.”

ஆறாம் வகுப்புக்கு நாற்பது இடம். அங்கே படிக்கிறவர்களின் தங்கைமாருக்கும் படித்தவர்களின் பிள்ளைகளுக்கும் முதலில் கொடுப்பார்கள். மிச்சத்துக்குச் சோதனை. சோதனையில் தேறியும் இடம் கிடைக்காதவர்களின் பெயர், இலக்கம் போட்டுச் செல்வநாயகியின் கொப்பியில் ஏறும். இடம் எடுத்த பிள்ளை ஒன்று வராமல் விட்டால் முதலாம் இலக்கத்துக்குத் தபாலட்டை போகும். அதில் போட்ட நாளுக்குள் வராவிட்டால் அடுத்த இலக்கம். அந்தக் கடைசி நேரத்தில் அடுத்த இலக்கத்தார் வாசலில் வந்து நிற்பார்கள் என்பதை மட்டும் மீனாம்பிகைக்கு ஒருவரும் சொல்லவில்லை.

குணலட்சுமி ஆறாம் இலக்கம்.

அன்றோடு மீனாம்பிகையின் நிம்மதி போயிற்று. யார் கொழும்புக்குப் போகிறார்கள், யார் வள்ளம் ஏறி இந்தியாவுக்குப் போகிறார்கள் என்று காது கொடுத்துக்கொண்டே திரிந்தாள். ஷெல் விழுந்த வீட்டைப் பற்றிக் கேட்டால், அங்கே பதினொரு வயதுப் பெண் இருக்கிறாளா என்றுதான் மனம் முதலில் கேட்டது. மார்கழியில் அயலில் இருந்த பரமலிங்கம் குடும்பம் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளிக்கிட்டது. அவர்களுடைய மகளுக்கு இடம் கிடைத்திருந்தது. வாசல் படலையில் நின்று மற்றப் பெண்களோடு மீனாம்பிகையும் அழுதாள். அழுதபடியே, ஓர் இடம் காலியாகிவிட்டது என்று எண்ணினாள்.

பொங்கலுக்கு ஒரு கிழமை இருக்கும்போது, செவ்வாய் பின்னேரம் தபாலட்டை வந்தது. வியாழன் நாலு மணிக்குள் பிறப்புப் பத்திரத்தோடு வரவேண்டும். கலண்டரைப் பார்த்தாள். புதன் அட்டமி. வியாழன் நவமி.

“நாளைக்கே போய் வாவன்,” என்றார் புருஷன் தம்பிராசா.

“வெள்ளி வெள்ளண, முதல் பஸ்ஸிலை போறன்.”

“வியாழன் எண்டெல்லோ போட்டிருக்கு.”

“தோட்டத்திலை புகையிலைக் கண்டு நடவே நாள் பாக்கிறியள். பிள்ளையைப் பள்ளிக்கூடம் சேக்கப் பாக்கக் கூடாதோ?”

வியாழன் நாலு மணிக்கும் வெள்ளி எட்டு மணிக்கும் நடுவில் ஓர் இரவுதானே, இரவில் பள்ளிக்கூடம் யாரைச் சேர்க்கப்போகிறது என்பது அவளுடைய எண்ணம்.

வெள்ளி காலை மகளுக்குத் தலை வாரி இழுத்துப் பூ வைத்து முதல் பஸ்ஸில் போனாள். பள்ளிக்கூடக் கந்தோரில் மேசைக்குப் பின்னால் இருந்த செல்வநாயகி ஐம்பது வயது மதிக்கத்தக்க மெலிந்த பெண். தபாலட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தார்.

“நேற்று நாலு மணி மட்டும் உம்மைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான் பிள்ளை. ஏழாம் இலக்கத்தின்ரை தகப்பன் மூண்டு மணியிலையிருந்து வாசல்லை நிண்டவர். நாலு அடிச்சவுடனை எழுதிப்போட்டன்.”

“நேற்று நவமி அக்கா.”

“தெரியும். எங்கடை வீட்டிலையும் கலண்டர் இருக்கு.”

“பிள்ளைக்கு வகுப்பிலை இன்னொரு கதிரை போட ஏலாதோ?”

“நாற்பத்தொண்டு போட்டால் பத்துப் பேர் வந்து நாற்பத்திரண்டைக் கேப்பினம். பேரைத் திரும்பக் கடைசியிலை போடுறன். பதினாலாவது.”

“வீட்டை போவம் அம்மா,” என்று குணலட்சுமி சேலைத் தலைப்பை இழுத்தாள்.

“பிள்ளை பெறாதவளுக்கு என்ன தெரியும்,” என்று வாய்விட்டுச் சொல்லியபடி மீனாம்பிகை படியிறங்கினாள். அது செல்வநாயகியின் காதில் விழுந்தது. அவர் கொப்பியைத் திறந்து பதினாலாவதாகக் குணலட்சுமியின் பெயரை எழுதினார்.

அந்த வருடம் கொப்பி எட்டாம் இலக்கத்தோடு நின்றுவிட்டது. ஒன்பதாம் இலக்கம் செல்வநாயகியின் சொந்தத் தமையன் மகள் என்றும், அந்தத் தமையன் தங்கையோடு கதைப்பதை விட்டுவிட்டார் என்றும் நல்லம்மாதான் பிறகு சொன்னாள். படியிறங்கும்போது தான் சொன்ன சொல்லுக்காக மீனாம்பிகை வெட்கப்பட்டாள். ஆனாலும் போய்ப் பார்க்க மனம் வரவில்லை.

குணலட்சுமி இரண்டு கட்டை தூரத்து அரசாங்கப் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் போய்ப் படித்தாள். ஒவ்வொரு தவணைச் சோதனைக்கும் அவள் புள்ளி குறையக் குறைய, மீனாம்பிகை அந்த இரண்டு நாளையும் நினைத்துத் தன்னையே நொந்துகொண்டாள்.

செல்வநாயகி தொண்ணூற்றிரண்டில் ஓய்வு பெற்றார். தமையன் கதைக்கவேயில்லை. இப்போது அவர் கொடிகாமத்தில் தங்கை பூரணத்தின் வீட்டில் இருக்கிறார்.