மாமாவின் கையில் என் மகளின் கயிறு

நான் குடியிருக்கும் அயர்லாந்து ஊரின் கடலோர நடைபாதையில் கயிறு கட்டி நடப்பவை இரண்டு. ஒன்று நாய்கள். இன்னொன்று என் மூன்று வயது மகள். இந்த ஊர்ப் பிள்ளைகள் அலைத்தடுப்புச் சுவரின் விளிம்பில் ஓடுகிறார்கள். பெற்றவர்கள் காபியைக் குடித்துக்கொண்டு பின்னால் வருகிறார்கள். என் மகளின் முதுகில் ஒரு சின்னப் பை, அதிலிருந்து நீளமாக ஒரு நாடா, நாடாவின் மறுமுனை என் மணிக்கட்டில் சுற்றியிருக்கும். எதிரே வரும் நாயும் அவளும் ஒருவரையொருவர் நின்று பார்த்துக்கொள்ளும்போது எனக்கு எரிச்சல் வரும். ஆனாலும் அவிழ்க்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமையானால் இங்கே குடும்பமாக நடக்க வேண்டும். அதற்கென்றே துண்டுப்பிரசுரம் வைத்திருக்கிறார்கள். 'ஈஸி', 'புஷ்சேர் போகும்', அதாவது குழந்தையைத் தள்ளும் வண்டி போகும் என்று ஒவ்வொரு பாதைக்கும் தரம் போட்டிருப்பார்கள். என் கணவர் விளாத்திகுளத்துக்காரர். கரிசல் காட்டில் பிறந்தவருக்குத் தண்ணீர் எங்கே கிடந்தாலும் கொண்டாட்டம், தேடித் தேடிக் கடலோரப் பாதையாகவே பிடிப்பார். நான் தூத்துக்குடிக்காரி. கடலுக்கும் ஈஸிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் சிரிப்பார்.

ஒருநாள், நாயோடு வந்த வயதான பெண் ஒருவர் என் கையைப் பார்த்துவிட்டு, "ஓடிவிடுவாளா?" என்று கேட்டார். "இல்லை, கடல் இருக்கிறது" என்றேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். "கடல் எங்கும் போய்விடாது" என்றார். நான் வேடிக்கையாகப் பேசியதாக நினைத்துக்கொண்டு நடந்துவிட்டார். இவர்களிடம் விளக்கிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை கிடையாது.

உங்களிடம் சொல்கிறேன். என் அப்பா சங்கு குளித்தவர். முத்துக் குளித்த காலத்திலிருந்தே எங்கள் கடற்கரையில் ஒரு வழக்கம் உண்டு. கடலுக்குள் இறங்குகிறவனின் கயிற்றைப் படகிலிருந்து பிடிப்பவன் அவனுடைய மச்சானாக, அதாவது மனைவியின் கூடப்பிறந்தவனாக இருக்க வேண்டும். கூடப்பிறந்தவள் தாலியறுக்க எவனும் கயிற்றை விட மாட்டான் என்ற கணக்கு. காற்று கொடுக்கும் மோட்டாரும் குழாயும் வந்த பிறகும் அப்பா அதை மாற்றவில்லை. மாமாதான் பிடித்தார், அம்மாவின் தம்பி.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது ஒரு நாள் நடுக்கடலில் அந்தக் காற்று மோட்டார் நின்றுபோனது. அப்பாவின் கயிறு கீழே பாறையில் சிக்கிக்கொண்டது. மேலே கொண்டுவந்தபோது அவருக்கு உயிர் இல்லை. மாமா குடித்திருந்தார், தூங்கிவிட்டார், மேலே இழு என்று அப்பா கீழிருந்து கயிற்றைச் சுண்டியும் இழுக்கவில்லை என்று ஊர் பேசியது. ஊருக்கு வாய் இருக்கிறது, பேசும். அம்மா அதை நம்பினாள். கல்லறைத் தோட்டத்தில் மாமா வலது கையில் கட்டோடு தள்ளி நின்றார். "பாட்டில் கிழிச்சிருக்கும், குடிகாரப் பய" என்றாள் அம்மா. அதோடு இரு வீட்டுக்கும் போக்குவரத்து நின்றது. என் கல்யாணம்கூட மாமா இல்லாமல்தான் நடந்தது.

அப்பா போன பிறகு எனக்குக் கடற்கரை கிடையாது. தெருமுனையிலேயே கடல் இருந்தும் அம்மா போக விடவில்லை. லீவு விட்டால் என்னைப் பஸ்ஸில் ஏற்றி, கடல் இல்லாத சாயர்புரத்துச் சித்தி வீட்டுக்குக் கொண்டுபோவாள். அங்கே பனங்காட்டு வழியாக நடக்கும்போதுதான் என் கையை விடுவாள். ஆனால் பனங்காட்டிலும் என் கையை யாரோ கீழேயிருந்து சுண்டுவது போலவே இருக்கும். இப்போதும் மகள் முன்னால் ஓடி நாடா விறைக்கும்போதெல்லாம் அதே சுண்டல். அப்பாதான். இன்னும் மேலே வராமல், இழுக்கச் சொல்லிக் கேட்கிறார். நான் நாடாவை இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொள்வேன்.

போன மாதம் மாமா அயர்லாந்துக்கு வந்தார். அவர் மகளும் என்னைப் போல இங்கே நர்ஸ்தான். பிரசவத்துக்குத் துணையாக அத்தையையும் அவரையும் வரவழைத்திருந்தாள். "ஒன் பிள்ளைய ஒரு தரம் பாத்துக்கிடுதேன்" என்று மாமா போனில் கேட்டார். வரச் சொல்லிவிட்டேன். அம்மாவிடமும் சொன்னேன், சொல்லியிருக்கக் கூடாது. "பாத்துட்டுப் போவட்டும். பிள்ளைய மட்டும் அவன் கைல குடுத்துராத" என்றாள்.

என் கணவர் வழக்கம்போல் கடலோர நடைக்கே ஏற்பாடு செய்துவிட்டார். மருமகனின் பெரிய கோட்டுக்குள் சுருங்கிப்போயிருந்த மாமா கடலை முறைத்துப் பார்த்தார்.

"என்னளா இது, கொடத்துல வச்ச தண்ணி மாரி கெடக்கு? மீன் நாத்தமே இல்ல."

"எங்க ஊர்ல இவ்வளவு தண்ணி கெடந்தா கோயில் கட்டியிருப்போம்" என்றார் கணவர்.

"கட்டுவிய. அப்புறம் அதுலயே குப்பையக் கொட்டுவிய."

இருவரும் சிரித்தார்கள். பிறகு மாமாவின் கண் என் மணிக்கட்டில் விழுந்தது. சிரிப்பு போய்விட்டது.

"ஏளா, கயித்தக் கைல சுத்தாத. பிடிக்கத்தான் செய்யணும். கடலுக்குப் போறவன் எவனும் சுத்த மாட்டான். இழுத்துச்சுன்னா கையக் கொண்டு போயிரும்."

கோட்டுக்கு வெளியே அவர் வலது கை தெரிந்தது. நான் வருடக்கணக்கில் காயங்களைக் கழுவிக் கட்டியவள். பாட்டில் கிழித்த கை அப்படி இருக்காது. உள்ளங்கையிலிருந்து புறங்கைவரை சுற்றி ஓடும் தழும்பு. இரண்டு விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்டன.

"நீங்க சுத்துனீங்களா?" என்று கேட்டேன்.

"அன்னைக்கு மட்டும் சுத்துனேன். வழுக்கி விட்டுருவேனோன்னு பயம்."

"அம்மாட்ட சொல்லலியா?"

"சொல்லத்தான் போனேன். கதவச் சாத்திட்டா."

அவ்வளவுதான். ஒரு கையைத் திருப்பிப் பார்க்க ஒருத்திக்கு மனம் வரவில்லை, ஒரு குடும்பம் பாழாய்ப் போனது. துக்கத்தில் இருப்பவள் யாரையாவது குற்றம் சொல்லத்தான் செய்வாள் என்று என் ஆஸ்பத்திரியில் இருக்கும் மனநல ஆலோசகர்கள் சொல்வார்கள். சொல்லட்டும். எனக்கு அந்தப் பெருந்தன்மை இல்லை.

மணிக்கட்டிலிருந்து நாடாவை அவிழ்த்து மாமாவிடம் நீட்டினேன். அவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"வேண்டாம்ளா. அக்காவுக்குத் தெரிஞ்சா..."

"அக்கா இங்கன இல்ல. பிடிங்க."

இடது கையால் வாங்கி, வலது கையின் மடங்கிய விரல்களுக்குள் மாட்டிக்கொண்டார். மகள் திரும்பிப் புது ஆளைப் பார்த்தாள். "கமான்" என்று ஒரு இழுப்பு இழுத்தாள். இருவரும் சுவரோரமாகப் போனார்கள். என் கணவர் அவர்களோடு போனார். நான் பின்தங்கி நின்றேன்.

போன் அடித்தது. அம்மா.

"எங்க இருக்கிய? எரைச்சலா கேக்கு."

"கடல்கிட்ட."

"பிள்ள எங்க?"

"மாமா கைல இருக்கா" என்றேன். "அந்தக் கையப் பாத்தேம்மா. பாட்டில் கிழிச்சதில்ல. கயிறு அறுத்தது."

தூத்துக்குடி வீட்டில் ஓடிக்கொண்டிருந்த டி.வி. நின்றது. அம்மா போனை வைக்கவில்லை. ஒரு காதில் அவள் மூச்சுவிடும் சத்தம். மறு காதில் இந்த ஊர் அலைச் சத்தம், அதற்குள் எங்கோ என் மகளின் குரல். எந்தக் காதைப் பொத்துவது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தேன்.