ரிசார்ட் வேண்டாம் என்று போன தீவு

ஈர வலை, டீசல், கருவாடு… மூன்றும் சேர்ந்த ஒரு வாடை. மழை நாளில் கதிர் வீட்டு வலைக் கொட்டகைக்குள் நுழைந்தால் அதுதான் முதலில் மூக்கில் ஏறும். நானும் கதிரும் எங்கள் தீவு ட்ரிப்பை ப்ளான் பண்ணியது அங்கே உட்கார்ந்துதான்.

வீட்டுக்குள் ஏன் உட்காரவில்லை?
உள்ளே கெஸ்ட்.

மரக்காணத்தில் உப்பளத்துக்கும் கடலுக்கும் நடுவில், சுனாமிக்கு அப்புறம் கவர்மெண்ட் கட்டிக் கொடுத்த வீடு அது. ஒரு ஹால், ஒரு ரூம். லீவு நாளில் சென்னை, பெங்களூர் ஆட்களுக்கு ஆப்பில் வாடகைக்கு விடுவான் கதிர். கெஸ்ட் வந்தால் கதிர் அம்மா பாய், தலகாணி, இன்ஹேலரோடு கொட்டகைக்கு வந்துடுவாங்க. அம்மாவுக்கு வீசிங். செத்துப்போன அப்பாவின் மாலை போட்ட போட்டோவையும் சுவரிலிருந்து கழட்டி எடுத்துக்கிட்டு வருவாங்க. கெஸ்ட்டுக்கு அது பிடிக்காதாம்.

அம்மாவுக்கு உப்பளத்தில் வேலை. காலையில் கெஸ்ட் எல்லாம் கேமராவோடு அங்கே போவாங்க. தலையில் உப்பு சுமந்துட்டுப் போற பொம்பளைங்களை நிறுத்தி வைத்துப் போட்டோ எடுப்பாங்க. அதில் கதிர் அம்மாவும் நிற்பாங்க. யார் வீட்டில் தூங்கி எழுந்து வந்திருக்கிறோம் என்று எடுக்கிறவங்களுக்குத் தெரியாது. அம்மாவும் சொல்ல மாட்டாங்க.

நான் அப்போ குயிலாப்பாளையத்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸ் ரிசப்ஷனில் இருந்தேன். வர்றவங்க எல்லாரும் ஒரே பாட்டு… "ரிசார்ட் வேணாம்ங்க, பட்ஜெட்ல, ஆத்தென்டிக்கா எதாவது சொல்லுங்க." கேட்டுக் கேட்டு எனக்கும் வெறி ஏறிடுச்சு. ஒரு தடவையாவது நாம கெஸ்ட்டா இருக்கணும். நமக்கு யாராவது டீ போட்டுக் கொண்டு வந்து கொடுக்கணும்.

அந்தமான் பேசினோம். டிக்கெட் விலையைப் பார்த்ததும் அந்தப் பேச்சை விட்டோம்.

"ராமேஸ்வரம் போலாம்டா. அதுவும் தீவுதானே" என்றேன்.

"அங்க திதி குடுக்கத்தான்டா போவாங்க. நீ யாருக்குக் குடுக்கப் போறே?"

"உன் லவ்வுக்குக் குடுத்துட்டு வரலாம்."

கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா சிரிச்சாங்க. சிரிப்பு இருமலாகி, அடங்க ரொம்ப நேரம் ஆச்சு.

கோயில் பக்கம் வேண்டாம் என்று தள்ளி ஒரு மீனவக் குப்பத்தில் ஹோம்ஸ்டே பிடித்தோம். ஐப்பசி மழையில் யாரும் வர மாட்டாங்க, அதனால் ரேட் பாதி. உப்பளம் மூடி, கதிர் மீன் பிடிக்கப் போற போட்டும் கரையில் நிற்கிற அந்த நாட்களில்தான் எங்களுக்கும் லீவு.

"போய்ட்டு வாங்கப்பா, வீட்டை நான் பாத்துக்கறேன்" என்றாங்க அம்மா. அந்த வாரமும் புக்கிங் இருந்தது.

பாம்பன் பாலத்தில் பஸ் ஏறினப்போ சின்னப் பசங்க மாதிரி ஜன்னலில் ஒட்டிக்கிட்டோம். ரூம் சுத்தம். பெட்ஷீட் புதுசு. சுவரில் ஓர் ஆணி, அதுக்குக் கீழே சதுரமாக ஓர் இடம் மட்டும் பெயிண்ட் மங்காமல் இருந்தது. கதிர் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் "வாடா, கடலுக்குப் போலாம்" என்று இழுத்துக்கொண்டு போனேன்.

மறுநாள் காலையில் நல்ல மழை. பல் விளக்கப் பின்பக்கம் போன கதிர் உடனே திரும்பி வந்து என்னைக் கூப்பிட்டான். வீட்டை ஒட்டி இறக்கியிருந்த சமையல் சார்ப்பில், ஐஸ் பெட்டிகளுக்கு நடுவில், வீட்டுக்கார அண்ணனின் மனைவி கைக்குழந்தையை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தாங்க. மேலே தார்ப்பாய், ஒரு பக்கம் ஒழுகியது. குழந்தையின் நெஞ்சு கரகரக்கிறது எங்களுக்கே கேட்டது.

டீயோடு வந்த அண்ணனிடம் கதிர் சொன்னான்: "அக்காவையும் புள்ளையையும் உள்ள வரச் சொல்லுங்கண்ணே. நாங்க அங்க படுத்துக்கறோம்."

"அதெல்லாம் வேணாம் தம்பி. அவளுக்கு அங்கனதான் வசதி."

"எங்க வீட்லயும் இதான்ணே. எங்கம்மா இப்ப கொட்டகையிலதான் இருக்குது."

அதைக் கேட்டும் அவர் முகம் தெளியவில்லை. இன்னும் பயந்த மாதிரிதான் இருந்தது. "தம்பி… ஸ்டாரை மட்டும் குறைச்சுடாதீங்க. புள்ள அழுவுற சத்தம்னு ஒருத்தர் எழுதிப் போட்டதுல ரொம்ப நாள் யாருமே வரல."

அக்கா கடைசி வரைக்கும் உள்ளே வரவே இல்லை. முழு ஸ்டாரும் போட்டுவிட்டு அன்றைக்கே கிளம்பினோம். பஸ்ஸிலிருந்து கதிர் அம்மாவுக்குப் போன் பண்ணினான்.

"மழையாம்மா?"

"பின்ன வெயிலா அடிக்கும்?"

"அவங்கள அனுப்பிட்டு நீ உள்ள போய்ப் படு."

"லூசாடா நீ? ஞாயித்துக்கிழம வரைக்கும் இருக்காங்க. போனை வை."

ஊருக்கு வந்ததும் ஆப்பிலிருந்து வீட்டை எடுத்தான். கெஸ்ட் போனதும் அப்பா போட்டோவை மாட்டினான். மழை முடிவதற்குள் அம்மாவே பக்கத்து வீட்டுப் பையனை வைத்து வீட்டைத் திரும்ப ஆப்பில் போட்டுட்டாங்க. "உப்பளமும் இல்ல, நீயும் கடலுக்குப் போவல. மண்ணையாடா திங்கறது?"



இப்போ கதிர் வீட்டுத் தெருவில் பாதி வீடு ஹோம்ஸ்டே. 'லோக்கல் மக்களுக்கு வருமானம்' என்று ரீல்ஸில் பேசுறாங்க. வருமானம்தான், இல்லை என்று சொல்லவில்லை. அந்த மக்கள் எங்கே படுக்கிறாங்க என்று ஒரு ரீல்ஸிலும் காட்டினதில்லை. அப்போ எதையாவது ப்ளான் பண்ணி, கிண்டல் பண்ணி, சிரித்துக்கொண்டாவது இருந்தோம்… இப்போ நானும் கதிரும் எந்த ஊருக்கும் போகலாம் என்று பேசுவதே இல்லை.

போன ஐப்பசியில் அம்மாவுக்கு நிமோனியா. பாண்டிச்சேரியில் சேர்த்து, டிஸ்சார்ஜ் பண்ணி ஆட்டோவில் கூட்டிக்கொண்டு வந்தோம். வீட்டு வாசலில் வெளியூர் கார் ஒன்று நின்றது.

"நான் போய் அவங்கள காலி பண்ணச் சொல்றேன்" என்று இறங்கப் போனான் கதிர். அம்மா அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாங்க. பிறகு ஆட்டோக்காரரைப் பார்த்துச் சொன்னாங்க: "வாசல்ல நிறுத்தாதப்பா, பின்னாடி விடு. ஆஸ்பத்திரிலேந்து வர்றதப் பாத்தா அவங்க பயந்துடுவாங்க."

கதிர் இறங்கிப் போய், கொட்டகைக்குப் போகிற வழியில் கிடந்த ஐஸ் பெட்டியை நகர்த்தி வைத்தான்.