பூட்டிய கேட்டின் முன் முழங்காலிட்டவர்

ஸ்டெல்லா அக்கா இறந்துவிட்டார் என்ற செய்தி, அம்பத்தூர் எஸ்டேட்டில் அலுவலகக் கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது வந்தது. வெளியே வந்து அவருடைய மகன் ஜேக்கப்பை அழைத்தேன். அவன் அழவில்லை. "அண்ணே, அம்மாவ சர்ச்சுக்குள்ள எடுத்துகினு வரக்கூடாதுன்றாங்க. கல்லறையிலயும் எடம் இல்லியாம்" என்றான். துக்கத்துக்கு முன்னால் எனக்குக் கோபம் வந்தது. அடக்கம் முடிந்த பிறகும் அது தணியவில்லை. சனிக்கிழமைதோறும் அவருடைய மாடியில் ஜெபித்தவர்களே, உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும்.

அந்த மாடி ஜெபம் தொடங்கிய கதை உங்களில் சிலருக்குத் தெரியாது. மேனாம்பேட்டில் அக்கா மாவுக்கடை வைத்திருந்தார். பக்கத்து வீட்டு பிலோமினாவின் மகளுக்கு டெங்கு வந்து உயிருக்குப் போராடியபோது, கடையை அப்படியே போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். பிலோமினா கத்தோலிக்கர். அக்காவும் நானும் ஒரே புரொட்டஸ்டன்ட் சபை. அங்கே வந்திருந்த இன்னொரு குடும்பம் பெந்தெகொஸ்தே. எல்லோரும் வராந்தாவில் சேர்ந்து ஜெபித்தோம். குழந்தை பிழைத்தது. வீடு திரும்பியதும் அக்கா கேட்டார்: "ஆஸ்பத்திரில ஒண்ணா முட்டி போட்டோம்ல? ஊட்டாண்ட வந்தா மட்டும் இன்னாத்துக்குத் தனித்தனியா?"

முதல் சனிக்கிழமையே சண்டை வந்தது. எங்கள் வழக்கப்படி 'பிதாவே' என்று சொல்வதா, கத்தோலிக்கர் வழக்கப்படி 'தந்தையே' என்று சொல்வதா? படித்தவர்கள் மும்முரமாக வாதிட்டோம். அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. "அவங்கவங்க வாயில வர்றத சொல்லுங்கப்பா. அவரு காதுல ஒண்ணாத்தான் உழும்" என்று அதட்டினார். அன்று முதல் இரண்டும் கலந்தே ஒலித்தன.

அவர் சாந்தமானவர் என்று இப்போது பேசுகிறார்கள். பொய். எங்கள் சபையில் செயலாளர் தேர்தலில் இரண்டு அணிகள் மோதிக்கொண்டதை நினைத்துப் பாருங்கள். தோற்ற அணி சர்ச் கேட்டைப் பூட்டியது. ஞாயிறு காலை, பைபிளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஆண்கள் ஒருவரை ஒருவர் தாய் பெயர் சொல்லித் திட்டினார்கள். போலீஸ் வேன் நின்றது. அக்கா வெள்ளைச் சேலையோடு நடுத்தெருவில், கேட்டுக்கு எதிரே முழங்காலிட்டார். "ஆண்டவரே, பூட்டு அப்புறம் தொறக்கட்டும். மொதல்ல இவங்க வாய மூடு" என்று உரக்க ஜெபித்தார்.

கமிட்டிப் பெரியவர் ஒருவர் குனிந்து, "எழுந்திரும்மா, அசிங்கமா இருக்கு" என்றார்.

"அசிங்கம்னு இப்பத்தான் தெரிதா உனக்கு?"

பெண்கள் ஒவ்வொருவராக அவர் பக்கத்தில் முழங்காலிட்டார்கள். கேட் திறந்தது. ஆனால் அன்று தலைகுனிந்த இரண்டு அணிகளும் அவரை மன்னிக்கவில்லை. அந்த ஒன்றில் மட்டும் அவர்களுக்குள் ஒற்றுமை இருந்தது. பிற சபையாரோடு ஜெபக்கூட்டம் நடத்துகிறார் என்று காரணம் சொல்லி, அவரைச் சபையிலிருந்து நீக்கினார்கள். அப்படியும் அவர் ஞாயிறுதோறும் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்.

அவர் இறந்த அன்று நானும் பிலோமினாவும் போதகரைப் பார்க்கப் போனோம். "எனக்கு அவங்க மேல மரியாதை உண்டு, பிரதர். ஆனா கமிட்டி முடிவு" என்றார்.

"உங்க சபையில நோவுன்னு படுத்தவங்களுக்கெல்லாம் போய் ஜெபம் பண்ணாங்களே, கமிட்டியக் கேட்டுகினா போனாங்க?" என்றார் பிலோமினா. மற்ற சபைகளிலும் கேட்டோம். எங்கள் பங்கைச் சேர்ந்தவர் இல்லை என்றார்கள்; எங்களிடம் ஞானஸ்நானம் வாங்கவில்லை என்றார்கள். எல்லோரும் மிக மரியாதையாகத்தான் சொன்னார்கள்.

மறுநாள் கடை வாசலில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அக்கா வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர் தணிகாசலம் என்னைத் தனியே அழைத்தார். அந்த ஊரின் பழைய விவசாயக் குடும்பத்துக்காரர். "இன்னா சார், நாள்பூரா சாமி பேர சொல்லிகினு இருந்த பொம்பள. பொதைக்க எடம் தர ஒருத்தனும் இல்லியா உங்கள்ல?" என்றார்.

பொது மயானத்தில்தான் அடக்கம் செய்தோம். போதகர் எவரும் வரவில்லை. மாடிப் பெண்கள் பெட்டியைத் தோளில் சுமந்தார்கள். பிலோமினா முன்னால் நின்றார். அவருடைய மகள், இப்போது கல்லூரி மாணவி, பின்னால் தோள் கொடுத்தாள்.

மறுவாரம் எங்கள் சபையின் கேட்டில் பெரிய பேனர் கட்டினார்கள். கிறிஸ்தவ ஐக்கியத்துக்கும் எழுப்புதலுக்கும் சிறப்பு ஜெபமாம். அக்காவுக்கு ஆறடி மண் மறுத்தவர்கள் அந்தப் படத்தில் வரிசையாகக் கோட்டு போட்டுச் சிரிக்கிறார்கள். கிழித்தெறியத்தான் தோன்றியது.

சபையை விட்டே போய்விடலாம் என்று அக்காவிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறேன். மாவு அள்ளிய கையோடு என்னை முறைத்தார். "கோவம் வந்தா உள்ள இருந்து சண்ட போடு, தம்பி. கோச்சிக்கினு போயி புது சபைன்னு போர்டு மட்டும் மாட்டிடாத. இருக்கற போர்டு போதும்."

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது இந்த ஒன்றைத்தான். அவர்களை இன்னும் மன்னிக்க முடியவில்லை. முடிந்ததாக நடிக்கவும் மாட்டேன். வரும் ஞாயிறு அந்தப் பேனரைத் தாண்டி உள்ளே போவேன். கடைசி பெஞ்சில் உட்காருவேன். ஆராதனை முடிந்ததும் எழுந்து நின்று, இறந்த பிறகு அவரை ஏன் உள்ளே விடவில்லை என்று கேட்பேன். பதில் வரும்வரை ஒவ்வொரு ஞாயிறும் கேட்பேன். பிலோமினாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.