கருந்துளையின் ஓரத்தை வெட்டினேன்

நான் அஞ்சாவதோடு நின்றவன். தமிழ் வாசிப்பேன், தெலுங்கு பேசுவேன். இங்கிலீஷை வெட்டத்தான் தெரியும்.

ஊர் பிச்சாட்டூர் பக்கம். மாநில எல்லையில் பெரிய பெரிய தொழிற்சாலைகள் வந்தபோது என் வயதுக்காரர்கள் அங்கே வேலைக்குப் போனார்கள். நான் திருப்பதிக்கு வந்து யுனிவர்சிட்டி பக்கம் பைண்டிங் கடை போட்டேன். ஆராய்ச்சி முடித்தவர்கள் எழுதியதை ஐந்து காப்பி கொண்டுவந்து கொடுப்பார்கள். ஓரத்தில் தைத்து, முதுகில் பசை பூசி, மூன்று பக்கமும் வெட்டி, காலிகோத் துணி அட்டை போட்டு, தங்க எழுத்து அடித்துத் தருவேன். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பதில்லை. கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

ஒரு தம்பி மட்டும் கேட்காமலே சொன்னான். வரதய்யபாளையத்துப் பையன். தமிழில் பேச ஆள் கிடைத்த சந்தோஷம் அவனுக்கு. தாள்களை மேசையில் வைத்துவிட்டுப் பசை டின் மேல் உட்கார்ந்தான்.

"கருந்துளைன்னா தெரியுமாண்ணா?"

"தெரியாது."

"வானத்துல கீது. உள்ள போனது எதுவும் வெளிய வராது. வெளிச்சம்கூட."

"ஆபீஸ்ல குடுத்த மனு மாதிரி."

"அதேதான். எதைத் தாண்டினா திரும்ப முடியாதோ அதுக்குப் பேரு விளிம்பு. உள்ள இருக்கிறது எத்தினி விதமா மாறிக் கெடக்கலாம்னு ஒரு கணக்கு உண்டு. என்ட்ரோபின்னு பேரு. அதுக்கு உள்ள போய்ப் பாக்க வேணாம். விளிம்போட பரப்பை அளந்தா போதும்."

"அட்டையை அளந்தா புக்குல இருக்கிறது தெரிஞ்சிடும்ன்றே."

"ஆமா. அது பழைய கணக்கு. என் கணக்கு இன்னான்னா, அந்த விளிம்பு வழவழன்னு இல்லாம சொரசொரன்னு இருந்தா?"

இது எனக்குத் தெரிந்த விஷயம்.

"சொரசொரன்னு இருந்தா பசை ஜாஸ்தி குடிக்கும்" என்றேன். வழவழப்பான ரெக்சினுக்கு ஒரு தடவை பூசினால் போதும். காலிகோவுக்கு இரண்டு தடவை.

அவன் பசை டின்னை விட்டு எழுந்துவிட்டான்.

"இதுக்கு எனக்கு அஞ்சு வருசம் ஆச்சுண்ணா."

"மொதல்லயே இங்க வந்திருக்கலாம்."

பிரபஞ்சத்துக்கும் அப்படி ஒரு விளிம்பு இருக்கிறதாம். நம் கண்ணுக்கு எட்டுகிற கடைசி எல்லை. அதிலும் இந்தச் சொரசொரப்பைச் சேர்த்தால் பிரபஞ்சம் விரிகிற வேகமே கொஞ்சம் மாறுகிறதாம். விரியட்டும் என்றேன்.

போகும்போது சொன்னான். "நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள ஆபீஸ்ல குடுத்து, குடுத்ததுக்கு சீட்டு வாங்கணும். சீட்டை நாளைக்கே அனுப்பினாத்தான் வெளிநாட்டுல வேல. இல்லன்னா வேற ஒருத்தனுக்குப் போயிடும். நான் எங்க மாமாகூட ஃபேக்டரில டப்பா அடுக்கிக்கினு இருக்கணும்."

மறுநாள் தைத்து முடித்து, வெட்டுவதற்கு முன் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். ஒரு பக்கத்தில் வலது கோடியில், வரிக்கு மேலே, எறும்பு செத்துக் கிடக்கிற மாதிரி ஏதோ இருந்தது. ஐந்து காப்பியிலும் அதே இடம். ஜெராக்ஸ் கண்ணாடியில் தூசி ஒட்டியிருந்தால் இப்படித்தான் விழும். தூசியோடு கொடுத்தால் கடைக்குக் கெட்ட பேர். வழக்கத்தை விடக் கால் அங்குலம் கூடுதலாகத் தள்ளி வைத்து வெட்டினேன். சுத்தமாக வந்தது.

மூன்று மணிக்கு வந்தான். தங்க எழுத்தைத் தடவிப் பார்த்தான். நேராக அந்தப் பக்கத்துக்குப் போனான். அடுத்த காப்பியை எடுத்தான். அதற்கடுத்ததையும் எடுத்தான். பசை டின் மேல் உட்கார்ந்துவிட்டான்.

"அண்ணா, இங்க மேல பொடியா ஒண்ணு இருந்துச்சே."

"தூசி. வெட்டிட்டேன்."

"அது தூசி இல்லண்ணா. விளிம்போட பரப்புக்கு மேல போடுற அடுக்கு. அதான் சொரசொரப்பு."

நான் கீழே கிடந்த வெட்டுத் துண்டுகளைக் கிளறினேன்.

"அது இல்லன்னா இது பழைய கணக்கு. பழசைக் காப்பி அடிச்சிக்கினு வந்திருக்கான்னு சொல்லுவாங்க."

"அந்தப் பக்கத்தை மாத்தினா?"

"முடியுமா?"

"நூலைப் பிரிக்கணும். நாளைக்கு ஆவும்."

அவன் கடிகாரத்தைப் பார்த்தான். நான் அலமாரியைப் பார்த்தேன். மண்ணியல் படிப்பவர்கள் பெரிய வரைபடம் வைப்பார்கள். புத்தகத்துக்குள் அடங்காது. மடித்து உள்ளே போட ஒரு கெட்டித் தாள் வைத்திருக்கிறேன். ஐந்து துண்டு நறுக்கினேன். வெட்டிய ஓரத்தில் ஒவ்வொன்றாக ஒட்டி உள்பக்கம் மடித்தேன். பசை காய நேரமில்லை. பக்கத்துக் கடை இஸ்திரிப் பெட்டியை வாங்கி மேலே வைத்து எடுத்தேன்.

"மடிப்பைப் பிரிச்சு எழுது."

எழுதினான். ஒன்று, ஒரு கூட்டல், ஒரு முக்கோணம், முக்கோணத்துக்குக் கீழே இரண்டு. அவ்வளவுதான். ஐந்து வருசம்.

"கை நடுங்குதுண்ணா."

"நடுங்கட்டும். சொரசொரன்னுதானே இருக்கணும்."

சிரித்தான். அஞ்சாவது காப்பியை எழுதும்போது நாலரை. சைக்கிளில் நானே கொண்டுபோய் விட்டேன்.

ஆபீஸில் கொடுக்கும் முன் அவனுடைய ஆராய்ச்சி சார் கையெழுத்துப் போட எடுத்தாராம். மடிப்பு இருந்ததால் புத்தகம் தானாகவே அந்தப் பக்கத்தில் திறந்துகொண்டது. இது என்ன மடிப்பு என்று தெலுங்கில் கேட்டிருக்கிறார்.

"விளிம்பு பக்கத்துக்குள்ள அடங்கல சார்" என்றிருக்கிறான்.

சார் மடிப்பை ரெண்டு தடவை திறந்து மூடிப் பார்த்துவிட்டு, நன்றாயிருக்கிறது என்கிற மாதிரி "பாகுந்தி" என்று கையெழுத்துப் போட்டாராம். அஞ்சுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது சீட்டு வந்தது. வேலையும் வந்தது. போய்விட்டான்.

அடுத்த மாதம் அதே சாரிடம் படிக்கிற ஒரு பெண் ஐந்து காப்பியோடு வந்தது.

"எனக்கும் அந்த மடிப்பு வெக்கணும். சார் சொன்னாரு."

"எந்தப் பக்கத்துல?"

"அதைச் சொல்லல."

புரட்டிப் பார்த்தேன். ஒரு பக்கத்து ஓரத்தில் புள்ளி ஒன்று இருந்தது. தூசியா கணக்கா தெரியவில்லை. வெட்டாமல் அங்கேயே மடிப்பு வைத்தேன்.