கயிற்றைத் தளர்த்திய கை

கடலூர் முதுநகரில் ஒரு ஒர்க் ஷாப்பில் நான் மெக்கானிக். எனக்குச் சிதம்பரத்தில் பெண் பார்த்து நிச்சயமாகும் நேரத்தில், என்னோடு வேலை செய்யும் கலியபெருமாள் அந்த வீட்டாரிடம் போய், நான் குடிகாரன் என்று சொல்லிவிட்டான். நான் குடித்ததே இல்லை. சம்பந்தம் முறிந்தது. அன்றிலிருந்து அவனைப் பழிவாங்க நேரம் பார்த்திருந்தேன்.

சென்ற மாதம் ஒரு ஜீப்பின் என்ஜினைக் கழற்றி, பழுதுபார்த்துத் திரும்பப் பொருத்தினோம். கப்பியில் ஓடும் கயிற்றில் என்ஜின் தொங்கியது. கயிறு என் கையில். கலியபெருமாள் வண்டிக்கடியில் படுத்து, கியர்பாக்ஸ் தண்டு கிளட்சுக்குள் நேராக நுழைகிறதா என்று விரலால் தடவிக்கொண்டிருந்தான்.

"கொஞ்சம் எறக்கு மச்சான்" என்றான்.

அவன் பயந்து அலற வேண்டும் என்றே கயிற்றைச் சட்டென்று தளர்த்தினேன். ஒரு சாண்தான் விட நினைத்தேன். கயிறு கையை அறுத்துக்கொண்டு ஓடியது. எப்படியோ பக்கத்துத் தூணில் சுற்றி நிறுத்தினேன்.

வெளியே வந்தவன் என் உள்ளங்கையைப் பார்த்தான். "தோலு உரியற வரைக்கும் உடாம புடிச்சிக்கினியே மச்சான்! நீ இல்லன்னா என் வெரலு போயிருக்கும்" என்று தன் துண்டைக் கிழித்துக் கட்டினான்.

கட்டுப் பிரித்த அன்று எல்லாவற்றையும் அவனிடம் சொன்னேன். "நீ ஏன்டா பொய் சொன்ன?" என்றும் கேட்டேன். அவன் தலைகுனிந்தபடி அடுத்த வண்டிக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டான். நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் அவன் வண்டிக்கடியில் படுத்தால் கயிற்றை வேறு ஆளிடம் கொடுத்துவிடுகிறேன். சண்டையை, அவன் எழுந்து நின்ற பிறகு போடுகிறேன்.