கூட்டிட்டுப் போனாங்க

எங்கள் அலுவலகத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கால்புள்ளி என்றால்தான் திரும்பிப் பார்ப்பாள். வைத்தது நான்தான். ஒரு மனுவில் ஒரே ஒரு கால்புள்ளியை இடம் மாற்றித் தட்டச்சு செய்துவிட்டேன் என்று, தபாலாபீசுக்குப் போய்விட்ட உறையைத் திரும்ப வாங்கி வரச் சொல்லி உச்சி வெயிலில் என்னை ஓட விட்டாள். அந்த ஆத்திரத்தில் வைத்த பெயர் இருபத்திரண்டு வருஷமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது.

டயர் கடைக்கு மேலே மூன்று அறைகள், ஒரு வக்கீலம்மா, மொழிபெயர்க்க அவள், கோப்புக்கு நான். இதுதான் அலுவலகம். இங்கே வருவதற்கு முன் அவள் தண்ணீர் மோட்டாரை எப்படி மாட்டுவது, மாத்திரையை எப்போது விழுங்குவது என்று துண்டுக் காகிதங்களை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தாள். அவள் வீட்டுக்காரர் என்னிடம் புலம்புவார்: “சண்டை போட்டாக்கூட, உங்க வாக்கியத்துல எழுவாய் எங்கேன்னு கேக்கறா. அப்புறம் எங்கேர்ந்து சண்டை போடறது?”

உள்ளூர்க் கோர்ட்டுப் படியெல்லாம் ஏறி இறங்கியும் நியாயம் கிடைக்காதவர்கள் ஐ.நா.வின் மனித உரிமைக் குழுவுக்கு மனுப் போடலாம். நம் அரசும் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறது. போடுவதற்கென்ன, போட்டோ எடுக்கும்போது எல்லோரும்தான் சிரிக்கிறார்கள். ஆட்கள் நம் மொழியில் அழுததை அவள் ஆங்கிலத்தில் எழுத வேண்டும், ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல். அப்படி முப்பத்தொரு குடும்பங்களுக்கு எழுதியிருக்கிறாள்.

அதில் ஒன்று தையல்காரம்மாவின் மனு. அச்சகத்தில் வேலை பார்த்த அவருடைய மூத்த மகன் ஒரு வேலைநிறுத்தத்துக்கு நோட்டீஸ் அடித்துக் கொடுத்தான். மூன்றாம் நாள் மதியம் வீட்டுக்குச் சாதாரண உடையில் நான்கு பேர் வந்தார்கள். அதற்குப் பிறகு அவனைப் பார்த்தவர் யாருமில்லை. எட்டு வருஷம் ஆகிறது. ஆட்கொணர்வு மனுவை ஆறு வருஷம் இழுத்தடித்தார்கள். ‘அந்த வீட்டுக்கு நாங்கள் போகவே இல்லை’ என்ற ஒரே பல்லவியைத்தான் போலீஸ் கடைசிவரை பாடியது. கோர்ட்டும் தலையாட்டி மனுவைத் தள்ளியது. அப்போது பதினொரு வயதாக இருந்த தையல்காரம்மாவின் மகளுக்கு இப்போது பத்தொன்பது. அம்மாவை எங்கள் படியேற்றி அழைத்து வருவதும், எழுத்துக்கூட்டித்தான் படிக்கத் தெரிந்த அம்மாவுக்கு எல்லாக் காகிதத்தையும் படித்துக் காட்டுவதும் அவள்தான்.

குழுவுக்கு மனுப் போட்டு பதினாலு மாதம் கழித்து அரசின் பதில் வந்தது. அதைப் படித்த கால்புள்ளியின் முகம் வெளுத்துப்போனது.

தையல்காரம்மா சொன்னது இது: “வந்தாங்க, உக்காந்தாங்க, தண்ணி குடிச்சாங்க, பையனைக் கூட்டிட்டுப் போனாங்க.” கால்புள்ளி அதை ‘அவன் அவர்களுடன் சென்றான்’ என்கிற மாதிரி ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். அரசு வக்கீல் அந்தச் சொல்லைக் கோழி புழுவைக் கொத்துவதுபோலக் கொத்தியிருந்தார். தாயே ஒப்புக்கொள்கிறபடி, அவன் தன் சொந்த விருப்பத்தின்பேரில்தான் அதிகாரிகளுடன் சென்றான். இதில் கைதும் இல்லை, கடத்தலும் இல்லை. மனுவைத் தள்ள வேண்டும் என்று எழுதியிருந்தார்.

“பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கும் கூட்டிட்டுப் போறோம், போலீசும் கூட்டிட்டுப் போகுது. நமக்குக் கேட்டாலே புரியும். எனக்குப் புரிஞ்சதை எழுதாம விட்டுட்டேனேடி,” என்றாள் என்னிடம். இரண்டு நாள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் வக்கீலம்மாவிடம் போய், மொழிபெயர்ப்பில் தப்பு என் மேல்தான் என்று எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்றாள்.

வக்கீலம்மா சீறினார். “எழுதிக் குடுத்துட்டா? மத்த முப்பது மனுவும் உன் கையால போனதுதானே? எல்லாத்தையும் சந்தேகம்னு சொல்லுவாங்க. ஒருத்தருக்காக முப்பது பேரைத் தெருவுல விடவா?”

எழுதாவிட்டால் தையல்காரம்மாவின் மனு போய்விடும், எழுதினால் மற்ற முப்பதும் போய்விடும். எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பதிலைக் கிழித்துப் போட்டிருப்பேன். கால்புள்ளி அதை எடுத்து வைத்துக்கொண்டு வரிவரியாகத் தமிழில் எழுத ஆரம்பித்தாள். பாதியில் நிமிர்ந்தாள்.

“ஏண்டி, யாரோட போனான்னு எழுதியிருக்காங்க, பாரு. ‘அதிகாரிகளுடன்’. ஆறு வருஷமா யாருமே போகலன்னு சொன்னாங்கல்ல?”

வக்கீலம்மா ஓடி வந்து படித்தார். நுணலும் தன் வாயால் கெடும் என்று சொல்லி மேசையைத் தட்டினார். அந்தக் கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். வந்தது அதிகாரிகள்தான் என்று அரசே எழுதிவிட்டது. இனி விருப்பப்பட்டுப் போகவில்லை என்று காட்டிவிட்டால் போதும். அதற்குத் தையல்காரம்மா இன்னொரு வாக்குமூலம் தர வேண்டும்.

அவர் வந்தார். மகள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். கால்புள்ளி பேனாவை எடுத்தாள்.

“அவங்க கையைப் பிடிச்சு இழுத்தாங்களாம்மா?”

“இல்ல. ஒரு கேள்வி கேக்கணும், அரைமணி நேரத்துல அனுப்பிடறோம்னாங்க. பையன் என் மூஞ்சியைப் பார்த்தான். சீக்கிரம் போயிட்டு வந்துடுன்னு நான்தான் சொன்னேன்.” இதை அவர் எட்டு வருஷத்தில் யாரிடமும் சொன்னதில்லை.

கால்புள்ளி மெதுவாகக் கேட்டாள். “அவங்க சொன்னதை நம்பி அனுப்பினீங்க. அப்படி எழுதிக்கட்டுமா?”

தன்னிடமிருந்து ஒரு சொல்லை அவள் எடுத்துக் கொடுத்து நான் பார்த்தது அதுதான் முதல்முறை.

“நம்பலம்மா.” தையல்காரம்மா கதவுப் பக்கம் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். “நாலு பேர்ல ஒருத்தன் உள்ள போய், எம்பொண்ணு பக்கத்துல நின்னுட்டான். பாப்பா எந்த கிளாஸ் படிக்குதுன்னு கேட்டான். தலையைத் தடவிக் குடுத்தான். வேற ஒண்ணுமே செய்யல. நான் பையனைப் போகச் சொல்லிட்டேன்.”

வக்கீலம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். அவர் தேடிக்கொண்டிருந்தது இதைத்தான். மிரட்டிக் கூட்டிப் போனால் அது சொந்த விருப்பம் ஆகாது. குழுவுக்கு இந்த ஐந்து வரி போதும். எனக்கு அவர்மேல், சட்டத்தின்மேல், எல்லார்மேலும் எரிச்சலாக வந்தது.

“இதைப் போட்டாத்தான் நடக்குமா?” என்று கேட்டார் தையல்காரம்மா.

“ஆமாம்மா,” என்றார் வக்கீலம்மா.

“அப்ப போடுங்க.”

கால்புள்ளி எழுதி, வாசித்துக் காட்டினாள். தையல்காரம்மா நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, “இங்கிலீஷ்ல இருக்கறதை மட்டும் குடும்மா. தமிழ்க் காப்பி வேணாம். எனக்கு எம்பொண்ணுதான் எல்லாம் படிச்சுக் காட்டுவா. அவளுக்கு இங்கிலீஷ் ஓடாது,” என்றார்.

எந்தக் காகிதமானாலும் அந்த வீட்டு ஆளுக்குத் தன் மொழியில் ஒரு பிரதி போயே ஆக வேண்டும் என்பது அலுவலகத்தில் கால்புள்ளியே சண்டை போட்டுக் கொண்டுவந்த சட்டம். அவள் தமிழ்ப் பிரதியை இழுப்பறையில் வைத்துப் பூட்டினாள்.

வெளியே அந்தப் பெண் உறையைப் பிரித்துப் பார்த்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். “அக்கா, எங்க காப்பி காணோமே? எல்லாம் இங்கிலீஷா இருக்கு.”

“மிஷின்ல மை தீர்ந்துபோச்சும்மா,” என்றாள் கால்புள்ளி. “அடுத்த தடவை வரும்போது தர்றேன்.”