பாதித் தப்பு

மதியம் தொழுதுவிட்டு வரும்போது அவருடைய சட்டைக் கைகளின் ஓரம் நனைந்திருக்கும். தொழுகைக்கு முன் கைகால் கழுவிய ஈரம். அதைக்கூட நான் நம்பவில்லை. யாராவது புரோக்கரைப் பார்த்துவிட்டு வருகிறாரோ என்று ஒருநாள் பின்னாலேயே போய், பள்ளிவாசலுக்கு எதிரே டீ குடிப்பதுபோல் நின்றேன். மனிதர் தொழுதார், திரும்பினார். எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

விழுப்புரம் தனி மாவட்டமாகிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. நான் வட்டாட்சியர், எந்த அலுவலகம் என்பது வேண்டாம். அவர் என் உதவியாளர், தினமும் திண்டிவனத்திலிருந்து வருவார். எல்லாருக்கும் பாய்.

"தொழுகையில அப்பிடி என்னதான் பாய் கேக்கறீங்க?" என்றேன். இறைவனை அளவற்ற அருளாளன், நிகரற்ற அன்புடையோன் என்று சொல்லும் வசனம், கடமையான தொழுகைகளில் மட்டும் நாளைக்குப் பதினேழு முறை வரும் என்றார்.

"ஒரே மனுவுக்குப் பதினேழு நினைவூட்டா? உங்க மேலிடத்துல அவ்ளோ பெண்டிங்கா?"

"அவனுக்கு ஞாபகம் இருக்குது சார். நாந்தான் ஆபீசு வந்ததும் மறந்துடறேன்."

பதில் நன்றாக இருந்தது. நன்றாக இருக்கும் பதில்களை நான் இரண்டு முறை படிப்பவன்.

என் ஓய்வுக்கு இரண்டு மாதம் இருக்கையில் ஒரு வாரிசுச் சான்று கையெழுத்துக்கு வந்தது. "சார், மூத்த பொண்ணு பேரு உட்டுப்போயிருக்குது. முகையூர்ல கட்டிக் குடுத்திருக்காங்க" என்றார். "அந்தப் பொண்ணுகிட்ட எவ்ளோ வாங்கினீங்க பாய்?" என்று பிரிவு முழுதும் கேட்கும்படி கேட்டேன். கையெழுத்தும் போட்டேன்.

அந்தப் பெண் புகார் கொடுத்தாள். சான்று ரத்தாகி, விசாரணை வந்தது. எச்சரித்த பிறகும் கையெழுத்திட்டேன் என்று உறுதியானால் தற்காலிகப் பணிநீக்கம், ஓய்வு கிடையாது. பிரிவில் இருந்தவர்கள் காதில் அன்று எதுவும் விழவில்லையாம். மிஞ்சிய சாட்சி அவர்தான்.

விசாரணை அதிகாரியிடம் அவர் பொய் சொல்லவில்லை. "சொன்னேன் சார். ஆனா வாயால சொன்னதோட உட்டுட்டேன், குறிப்புல எழுதல. எழுதியிருந்தா அவரு நின்னு பாத்திருப்பாரு. பாதித் தப்பு என்னுது" என்றார். இருவருக்கும் கண்டனம் என்று முடிந்தது. நான் ஓய்வு பெற்றேன். அவருடைய பதவி உயர்வு தள்ளிப்போனது.

காரியம் இல்லாமல் யாரும் இப்படிச் செய்வதில்லை. என்ன கேட்டு வருவார் என்று ஓராண்டு காத்திருந்தேன். வரவில்லை. நானே திண்டிவனத்தில் அவர் வீட்டுக்குப் போய், ஏன் பாதித் தப்பைத் தன்மேல் போட்டுக்கொண்டார் என்று கேட்டேன்.

"விடியறதுக்கு முன்னாடியிலேர்ந்து அருளாளன், அருளாளன்னு சொல்லிக்கினு இருக்கேன். பத்து மணிக்கு வந்து உங்க கழுத்தப் புடிச்சா, அதுவரைக்கும் சொன்னதுக்கு என்னா சார் அர்த்தம்? மல்லாட்டை எடுத்துக்கோங்க" என்று வேர்க்கடலைத் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

"அன்னைக்கு நான் கேட்டது..." என்று தொடங்கினேன்.

"அத உடுங்க சார்."

விட்டுவிட்டேன்.

இப்போது அவர் காலமாகிவிட்டார். எல்லார் முன்னிலையிலும் சுமத்திய பழியை எல்லார் முன்னிலையிலும்தான் திரும்பப் பெற வேண்டும் என்ற நடைமுறை எனக்குத் தெரியாததல்ல. அன்று பிரிவில் ஆறு பேர் இருந்தார்கள். நால்வரின் வீடு தெரியும். அவர்களில் கோலியனூர்க்காரர் வீடு நான் மாலையில் நடக்கப் போகும் வழியிலேயே இருக்கிறது. பாய்தான் மன்னித்துவிட்டாரே என்று சொல்லிக்கொண்டு, இத்தனை ஆண்டுகளில் ஒரு கதவையும் நான் தட்டவில்லை.